‘மைதான்’ படத்துக்கு வந்த மதிப்புரைகள்: பாராட்டும் குறையும் சரி, வரலாற்றை யார் பார்த்தார்கள்?

அல்சூர் வாசி கேட்டது:

2024 ஏப்ரலில் ரம்ஜான் விடுமுறையை ஒட்டி வெளியான ‘மைதான்’ என்ற இந்திப் படத்தைப் பற்றி அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் நான் பேச வேண்டியிருக்கிறது. அதற்காகப் படத்தை மறுபடியும் பார்த்தேன். அது வெளிவந்த வாரத்தில் நாளிதழ்களிலும் இணைய இதழ்களிலும் வந்த மதிப்புரைகளையும் கிடைத்தவரை படித்தேன். அப்போது மனத்தில் எழுந்த கேள்வியைக் கால்பந்து அறிந்தவர்களிடமும் சினிமா அறிந்தவர்களிடமும் ஒருசேரக் கேட்க விரும்புகிறேன்.

படம் ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீமைப் பற்றியது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றுத் திரும்பிய இந்திய அணி, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்ற கதை. இயக்கம் அமித் சர்மா, ரஹீமாக அஜய் தேவ்கன், அவருடைய மனைவியாக நம் பெங்களூரில் வளர்ந்த பிரியாமணி, இசை ஏ.ஆர். ரஹ்மான். நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் செல்கின்றன. மூன்று மணி நேரம் என்பது மிக நீளம், முற்பாதி மெதுவாக நகர்கிறது, எதிராளிகள் மிகையாக வரையப்பட்டிருக்கிறார்கள், ஆனால் ஆட்டக் காட்சிகள் அபாரம், கடைசி ஒரு மணி நேரம் எல்லாக் குறைகளையும் மறக்கடித்துவிடுகிறது என்கின்றன. இத்தனை பாராட்டு இருந்தும் திரையரங்குகளில் படம் எடுபடவில்லை.

இவற்றில் எதுவும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று அறிவித்துக்கொண்டு வரும் ஒரு படத்தை மதிப்பிடும்போது, அந்த உண்மையோடு படம் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டாமா? ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். கதை 1952-இன் தோல்வியில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1951-இல், டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலேயே ரஹீமின் பயிற்சியில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றுவிட்டது. தோல்வியில் தொடங்கி வெற்றியில் முடியும் கதைப்போக்குக்கு அந்தத் தங்கம் இடைஞ்சல் என்பதால் அது தொடக்கமாக அமையவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதேபோல, 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் பின் ரஹீம் பதவியிலிருந்து நீக்கப்படுவதாகவும், புற்றுநோய் என்று தெரிந்த பிறகு போராடி மீண்டும் அணிக்குத் திரும்புவதாகவும் படம் காட்டுகிறது. விளையாட்டு வரலாற்றை எழுதியவர்களோ 1950 முதல் 1963 ஜூனில் அவர் மறையும்வரை அவரையே இந்தியப் பயிற்சியாளராகக் குறிப்பிடுகிறார்கள்.

மதிப்புரை எழுதியவர்கள் இவற்றைக் கவனித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அல்லது நெஞ்சை உருக்கியதா இல்லையா என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறதா? படம் பிடித்திருந்தும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆஸ்டின் டவுன் பேக் எழுதியது:

தம்பி, சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான் சினிமா மதிப்புரை படித்துப் பழகியவன் அல்ல. லீக் ஆட்டங்களில் பல வருடம் பேக்காக, அதாவது தற்காப்பு ஆட்டக்காரனாக, ஆடியவன், இப்போது சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். எனவே ஆட்டத்தின் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறேன்.

ஆட்டக் காட்சிகள் நன்றாக இருக்கின்றன என்று எல்லாரும் எழுதினார்கள். ஏன் நன்றாக இருக்கின்றன என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான விளையாட்டுப் படங்களில் கேமரா பந்தை வைத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கும், பிறகு பந்து வலையில் விழுவதைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே நடக்கிற ஆட்டம் காணாமல் போய்விடும். இந்தப் படத்தில் பந்து இல்லாதவர் எங்கே ஓடுகிறார் என்பது தெரிகிறது, ஒரு பாஸ் எந்த இடைவெளியைத் தேடிப் போகிறது என்பதும் தெரிகிறது. விளையாட்டுக் காட்சிகளுக்கு என்றே தனி ஒளிப்பதிவாளரை வைத்து எடுத்தார்கள். அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. ரஹீமின் கால்பந்தே அதுதான் என்பதால் இதை வெறும் தொழில்நுட்பச் சிறப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு நான்கு பேரை ஏமாற்றிப் போவதையே திறமை என்று ஊரெல்லாம் கைதட்டிய காலத்தில், வெட்டி ஆடவே கூடாது, வாங்கியவுடன் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியோடு அவர் தனிப் போட்டிகள் நடத்தினார். பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும் என்றும் போட்டி வைத்தார். அவர் வளர்த்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர் இதையெல்லாம் எப்படி யோசித்தார் என்பதே ஒரு முழுப் படத்துக்குப் போதும். இந்தப் படத்தில் அவருடைய ஹைதராபாத் காலம் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. அவர் சிகரெட் பிடிப்பதை நாம் பார்க்கும் நேரம், அவர் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கும் நேரத்தைவிட அதிகம் என்பது என் மனக்குறை.

10-1 தோல்விக்கு வருவோம். அன்று நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள், அதைப் படமும் காட்டுகிறது. ஆனால் இன்னொரு காரணம் பேசப்படவே இல்லை. நம் நாட்டில் அந்தக் காலத்து ஆட்டம் 70 நிமிடந்தான். வெளிநாட்டில் 90 நிமிடம். மூச்சுப் பழக்கமே வேறு. கால்பந்துச் சங்கத்துக்காரர்களின் கெட்ட எண்ணத்தைக் காட்டச் செலவிட்ட நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால், ரஹீம் எதை எதிர்த்துப் போராடினார் என்பது பார்வையாளர்களுக்கு விளங்கியிருக்கும். அந்தத் தோல்வியில் இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் நம் பெங்களூர் அகமது கான் என்பதை உங்கள் கூட்டத்தில் அவசியம் சொல்லுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமனும் நம் மைசூர் அணி ஆட்டக்காரர்தான்.

உண்மையே கதையைவிடப் பெரிதாக இருக்கும்போது கதையைச் சேர்ப்பானேன் என்பதுதான் என் வருத்தம். ஜகார்த்தாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே அதே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஆசியாவின் மிகச் சிறந்த பேக் அவர். அந்தத் தலையோடு இனித் தற்காப்பில் மோத முடியாது என்ற நிலையில், ரஹீம் அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோய் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியாட்டத்தில் ஒரு கோல்! உடல்நலம் தேறிய பீட்டர் தங்கராஜை இறுதியாட்டத்துக்கு கோல்கீப்பராக இறக்கியதும் அப்படிப்பட்ட துணிச்சலான முடிவுதான். அரங்கில் ஒரு லட்சம் பேர் நமக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததால் இதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கக் கூடாது என்று நம் நாட்டு விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி சொன்னதற்காக இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டிருந்தது. இத்தனையும் நடந்தவை, படத்திலும் இவை வருகின்றன. கடைசி ஒரு மணி நேரம் எல்லாருக்கும் பிடித்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பகுதியில் படம் எதையும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. மதிப்புரையாளர்கள் கடைசிப் பகுதியைப் புகழ்ந்தார்கள், முற்பகுதியைக் குறை சொன்னார்கள். இரண்டுக்கும் உள்ள இந்தத் தொடர்பை யாராவது எடுத்துச் சொன்னார்களா என்று நீங்கள்தான் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கே.ஆர். புரம் வாசகி எழுதியது:

மதிப்புரையாளர்களின் சார்பில் ஒரு வார்த்தை. படம் வெளியாகும் நாளன்று காலையில் பார்த்து, மாலைக்குள் எழுநூறு எண்ணூறு சொற்களில் எழுதித் தர வேண்டிய வேலை அது. டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கும் வாசகருக்காக எழுதப்படுவது. அவரிடம் 1951 ஆசிய விளையாட்டைப் பற்றிக் கேட்பது சற்று அதிகமான எதிர்பார்ப்பு. மேலும், வரலாற்றுப் பிழைகளை எண்ணுவதையே விமர்சனமாக நினைத்துக்கொள்ளும் பழக்கமும் நல்லதல்ல. எந்த வாழ்க்கையும் மூன்று மணி நேரத்துக்குள் அப்படியே அடங்காது. விடுவதும் சேர்ப்பதும் கலைஞரின் உரிமை. அந்த உரிமையை எதற்காகப் பயன்படுத்தினார் என்று கேட்கலாமே தவிர, ஏன் பயன்படுத்தினார் என்று கேட்பது பொருந்தாது என்பது என் கருத்து. பிரியாமணியின் கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்குள் என்ன பேசப்பட்டது என்று எந்தப் பதிவும் சொல்லாது. அங்கே கற்பனைதான் உண்மைக்கு அருகில் செல்லும் ஒரே வழி, அந்தக் காட்சிகள் படத்தின் மிக நல்ல காட்சிகளில் சேர்கின்றன.

ஜீவன் பீமா நகரிலிருந்து எழுதுவது:

மேலே அம்மா எழுப்பிய கேள்வியையே நான் பிடித்துக்கொள்கிறேன். சேர்க்கும் உரிமை எதற்காகப் பயன்படுகிறது? நம் விளையாட்டுப் படங்களில் அது பெரும்பாலும் ஒரு கெட்டவரை உருவாக்கவே பயன்படுகிறது. 2016-இல் வந்த ‘தங்கல்’ என்ற மல்யுத்தப் படம் நல்ல உதாரணம். 2010 காமன்வெல்த் விளையாட்டில் கீதா போகட் இறுதிப் போட்டியை எளிதாகவே வென்றார். படத்தில் அது கடைசி நொடிவரை இழுபறி. அது போகட்டும், திரைக்கு வேண்டிய விறுவிறுப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் தேசியப் பயிற்சியாளர் பொறாமையால் தந்தையை ஓர் அறையில் பூட்டிவைப்பதற்கு ஏற்பாடு செய்வதாகவும் காட்டினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. படத்தில் பெயரை மாற்றியிருந்தும், உண்மையில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் வருத்தத்தை வெளிப்படையாகவே தெரிவித்தார். கீதாவின் தந்தை மகாவீர் சிங் போகட்டின் பெருமையை உயர்த்துவதற்கு இன்னொரு ஆசிரியரின் பெயரைக் கெடுக்க வேண்டிய தேவை எங்கே இருந்தது? அந்தப் படத்துக்கு வந்த பாராட்டு வெள்ளத்தில் இது ஒரு சிறு செய்தியாக மட்டும் வந்து போய்விட்டது.

‘மைதான்’ படத்தில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே தனி மனிதர் என்பதோடு நிற்காமல் ஓர் ஊரே எதிர்நிலையில் நிறுத்தப்படுகிறது. கல்கத்தாப் பத்திரிகையாளர் ஒருவரும் சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவரும் தங்கள் ஊர் ஆட்டக்காரர்களுக்காக ரஹீமை ஒழிக்கச் சதி செய்கிறார்கள். அதிகாரிகளோடு ரஹீமுக்கு உரசல் இருந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் வெற்றி கண்ட அணி எங்கிருந்து வந்தது? சூனி கோஸ்வாமியும் ஜர்னைல் சிங்கும் கல்கத்தாவின் மோகன் பகான் கிளப் ஆட்டக்காரர்கள். அருண் கோஷ் அதே ஊரின் ஈஸ்ட் பெங்கால் கிளப். பி.கே. பானர்ஜி கல்கத்தா லீகில் ஈஸ்டர்ன் ரயில்வேக்கு ஆடியவர். செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமைக் கண்டுபிடித்தவர் ரஹீம்தான். ஆனால் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது ஈஸ்ட் பெங்கால் ரசிகர் கூட்டம். ஐயா குறிப்பிட்ட அகமது கானும் அங்கேதான் புகழ்பெற்றார். 1962 அணியின் 16 பேரில் ஒருவரான நம் பெங்களூர் அருமைநாயகம் மோகன் பகானுக்கு ஆடினார். தெற்கிலிருந்து போன ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த நாளில் சோறும் பெயரும் கொடுத்த ஊர் கல்கத்தா. அந்த உறவைச் சொல்லாமல், கல்கத்தாவை ஹைதராபாத்தின் எதிரியாக மட்டும் வரைந்தது அந்த ஆட்டக்காரர்களின் வாழ்க்கைக்கே நியாயம் செய்யவில்லை. இதை “மிகையான வில்லன்கள்” என்று இரண்டு சொல்லில் குறிப்பிட்டுக் கடந்துபோன மதிப்புரைகள், நடிப்பிலும் வசனத்திலும் உள்ள குறையாக மட்டுமே இதைப் பார்த்தன.

கெட்டவர் இல்லாமல் விளையாட்டுப் படம் நிற்காது என்பதும் உண்மையல்ல. 1983 கிரிக்கெட் உலகக் கோப்பையைப் பற்றி 2021 இறுதியில் வந்த ‘83’ படத்தில் சதிகாரர் என்று சொல்லத்தக்க யாரும் கிடையாது. டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 அடித்தாரே, அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே இல்லை. நேரில் இருந்தவர்களைத் தவிர யாரும் கண்ணால் பார்த்திராத ஒன்றைப் படம் நமக்குக் கட்டிக் காட்டியது. மதிப்புரைகள் அதைப் பாராட்டின, சரியாகவே பாராட்டின. அந்தப் படமும் தொற்று பரவிய நேரத்தில் வந்து வசூலில் அடிபட்டது என்பது வேறு விஷயம்.

அல்சூர் வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் கேள்வி இப்போது எனக்கே இன்னும் தெளிவாகிறது.

கே.ஆர். புரம் வாசகி அவர்கள் சொல்வதில் ஒரு பகுதியை முழுமையாக ஏற்கிறேன். முதல் நாள் மதிப்புரையில் வரலாற்றுப் பாடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் முதல் வாரம் முடிந்த பிறகு அந்தப் படத்தைப் பற்றி எழுதப்படுவது அநேகமாக நின்றேபோகிறது. வசூல் குறைவு என்று செய்தி வந்ததும் பேச்சும் அடங்கிவிடுகிறது. பொறுமையாக எழுத வேண்டிய இரண்டாவது கட்டுரை எழுதப்படுவதே இல்லை. அதனால் முதல் நாள் அவசரத்தில் சொல்லப்பட்ட “நீளம், வில்லன்கள், கடைசி ஒரு மணி நேரம்” என்பதே அந்தப் படத்தைப் பற்றிய நிரந்தரத் தீர்ப்பாக இணையத்தில் தங்கிவிடுகிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

ஆஸ்டின் டவுன் ஐயா சொன்ன தொடர்பை நான் படித்த மதிப்புரைகளில் எங்கும் காணவில்லை. நடந்ததை ஒட்டிச் சென்ற இடத்தில் படம் உயிரோடு இருக்கிறது, சூத்திரத்துக்காக வளைத்த இடத்தில் தளர்கிறது என்ற அந்தப் பார்வையையே என் பேச்சின் மையமாக எடுத்துக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். ஒன்றை மட்டும் அதனோடு சேர்க்க நினைக்கிறேன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசூசா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி என்ற பெயரோடு நாம் நான்காம் இடம் பெற்றோம். 1960 ரோமில் பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம், ஹங்கேரியிடம் 2-1 என்று நெருங்கித்தான் தோற்றோம். இவற்றையும் 1951-இன் தங்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளத்தில் கிடந்த அணியை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிய கதையாக இது தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே மனிதர் விடாமல் கட்டி எழுப்பிய ஓர் அணியின் கதையாகத் தெரிகிறது. அத்தகைய கதையில் திருப்பங்கள் குறைவுதான், ஆனால் ரஹீம் என்ற ஆசிரியரின் அளவு அதில்தான் சரியாகத் தெரியும் என்று நம்புகிறேன்.

கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கால்பந்து பார்க்காதவர்கள். அவர்களுக்கு எந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினால் ரஹீமின் ஆட்டமுறை விளங்கும் என்று ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆஸ்டின் டவுன் பேக் எழுதியது:

அனுமதி எதற்கு தம்பி, தாராளமாகப் பேசுங்கள். இறுதியாட்டத்தின் இரண்டு கோல்களையும் போட்டுக் காட்டுங்கள். முதலில் அப்படியே ஓடவிடுங்கள். இரண்டாவது முறை ஓடும்போது, பந்தைப் பார்க்காமல் பந்து இல்லாத ஒரே ஒரு நீலச் சட்டைக்காரரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அவர் ஏன் அந்தப் பக்கம் ஓடினார் என்று கேளுங்கள். ஆட்டம் தெரியாதவர்களும் பதில் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. கௌதமபுரத்திலும் மர்பி டவுனிலும் அந்தக் காலத்து ஆட்டத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அருமைநாயகத்தோடு சேர்ந்து ஆடியவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லாரும் தமிழில் பேசுகிறவர்கள். மதிப்புரைகள் கேட்காமல் விட்டதை அவர்களிடம் நீங்கள் கேட்கலாம். நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். கூட்டத்தை ஞாயிறு காலையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் அனைவரும் மைதானத்தில் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அங்கிருந்து கிளப்ப முடியாது. மாலை ஐந்து மணி என்றால் வருவார்கள்.